ஜாவாவில் சின்னச் சின்னத் தொகுப்புகள்: லிஸ்ட்.ஆஃப், செட்.ஆஃப், மேப்.ஆஃப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாவா புதிதாகக் கற்பவர்களும் பழைய ஜாவா 8 நிரல்களிலிருந்து மேலே வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். இந்த மெத்தட்களைப் பயன்படுத்துவது சுலபம். ஆனால் அவை எதை ஏற்கும், எதை மறுக்கும், ஏன் மறுக்கும் என்பது தெரிந்தால்தான் வேலையில் நம்பிக்கை வரும். அதனால் எப்படி என்பதைவிட ஏன் என்பதற்கே பதில்களில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

லிஸ்ட்.ஆஃப், செட்.ஆஃப், மேப்.ஆஃப்னா என்ன? எப்போ வந்துச்சு?

நாலைந்து மதிப்புகள் கொண்ட ஒரு தொகுப்பை ஒரே வரியில் உருவாக்கித் தரும் மெத்தட்கள் இவை. லிஸ்ட் என்பது வரிசையான பட்டியல், செட்டில் ஒரே மதிப்பு இரண்டு முறை இருக்காது, மேப் ஒவ்வொரு கீக்கும் ஒரு வேல்யூவை ஜோடியாக வைத்திருக்கும். லிஸ்ட்.ஆஃப்("சிவப்பு", "பச்சை", "நீலம்") என்று எழுதினால் மூன்று சரங்கள் கொண்ட லிஸ்ட் கிடைக்கும். மேப்.ஆஃப்("ஒன்று", 1, "இரண்டு", 2) என்றால் இரண்டு ஜோடிகள் கொண்ட மேப். எதுவும் கொடுக்காமல் அழைத்தால் காலியான தொகுப்பு.

2017 செப்டம்பரில் வெளியான ஜாவா 9-இல் இவை சேர்ந்தன. ஜாவாவில் பெரிய மாற்றங்களை முன்மொழியும் ஆவணங்களுக்கு ஜெப் என்று பெயர். இவற்றுக்கானது ஜெப் 269, அதை முன்னெடுத்தவர் ஸ்டூவர்ட் மார்க்ஸ்.

அதுக்கு முன்னாடி எல்லாரும் எப்படி எழுதினாங்க?

தொகுப்புகளுக்கான கட்டமைப்பு ஜாவாவுக்கு வந்தது 1998 டிசம்பரில், ஜேடிகே 1.2-இல். மூன்று சரங்கள் கொண்ட மாறாத செட் ஒன்று வேண்டுமென்றால் அன்றைக்கு ஐந்து வரி ஆகும்: ஹாஷ்செட் ஒன்றை உருவாக்கு, ஆட், ஆட், ஆட், கடைசியில் கலெக்‌ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்செட் கொண்டு மூடு. இதை ஒரு ஸ்டாட்டிக் புலத்துக்குச் செய்ய வேண்டுமென்றால் தனியாக ஒரு ஸ்டாட்டிக் பிளாக் வேறு திறக்க வேண்டும்.

லிஸ்டுக்கு மட்டும் அரேஸ்.ஆஸ்லிஸ்ட் இருந்தது. 2004-இல் ஜாவா 5 வேர்ஆர்க்ஸ் (ஒரு மெத்தட் எத்தனை மதிப்புகளை வேண்டுமானாலும் ஏற்கும் வசதி) கொண்டுவந்த பிறகு, மதிப்புகளை வரிசையாக அதற்குள் அடுக்க முடிந்தது. செட் வேண்டுமானால் அந்த லிஸ்டை ஹாஷ்செட்டின் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுப்பார்கள். மேப்புக்கு அந்தக் குறுக்கு வழியும் கிடையாது. கூகுளின் கூவா லைப்ரரியின் இம்யூட்டபிள்லிஸ்ட், இம்யூட்டபிள்மேப் வகைகளைப் பலரும் நாடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டபுள் பிரேஸ்னு ஒரு டிரிக் இருக்கே, அதுவே ஒரு வரிதானே? அதை ஏன் வேண்டாங்கறீங்க?

நியூ ஹாஷ்செட் என்று எழுதி இரட்டை நெளிவு அடைப்புக்குள் ஆட் ஆட் என்று அடுக்குவதைத்தான் சொல்கிறீர்கள். பார்க்கத் தனி இலக்கணம் போல் இருக்கும், ஆனால் அப்படி ஒரு இலக்கணம் ஜாவாவில் இல்லை. வெளி அடைப்பு ஹாஷ்செட்டுக்குப் பெயரில்லாத ஒரு துணை வகுப்பை உருவாக்குகிறது. உள் அடைப்பு அந்த வகுப்பின் தொடக்க பிளாக். அதாவது இந்த டிரிக்கை இருபது இடத்தில் போட்டால் இருபது புதிய வகுப்புகள் கம்பைல் ஆகும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. சாதாரண மெத்தடுக்குள் இதை எழுதினால், பிறக்கும் ஆப்ஜெக்ட் தன்னைச் சுற்றியிருக்கும் ஆப்ஜெக்டையும் பிடித்துக்கொள்கிறது. இரண்டு சரங்கள் கொண்ட செட்டை எங்கோ ஒரு கேஷில் போட்டு வைத்தால், அதோடு சேர்ந்து ஒரு முழுத் திரையோ சேவையோ நினைவகத்தில் தங்கிவிடும். அதை சீரியலைஸ் செய்யப் போனால், அதாவது சேமிக்கவோ அனுப்பவோ பைட்களாக்கப் போனால், சம்பந்தமில்லாத வெளி ஆப்ஜெக்டும் இழுபட்டு வந்து பிழை காட்டும். இருக்கும் நிரலில் இதைப் பார்த்தால் மாற்றிவிடுங்கள்.

பைத்தான்ல சதுர அடைப்பு போட்டா லிஸ்ட் வந்துடுது. ஜாவாவுல ஏன் அப்படி ஒரு இலக்கணம் தரல?

முயன்று பார்த்தார்கள். 2009-இல் ப்ராஜெக்ட் காயின் என்ற பெயரில் மொழிக்குச் சின்னச் சின்ன வசதிகள் திரட்டியபோது தொகுப்புகளுக்கான இலக்கணமும் பட்டியலில் இருந்தது. 2011 ஜூலையில் ஜாவா 7 அது இல்லாமலேயே வந்தது. 2014-இல் ஜெப் 186 என்று இதற்காகவே ஒரு ஆய்வு நடந்தது. அதன் முடிவில்தான் மொழியைத் தொடாமல் லைப்ரரியில் மெத்தட்களாகத் தரலாம் என்ற பாதை பிறந்தது.

காரணம் சோம்பல் அல்ல. சதுர அடைப்புக்குள் 1, 2, 3 என்று எழுதினால் அதன் வகை என்ன? அரேயா, லிஸ்டா, செட்டா? லிஸ்ட் என்றால் எந்த லிஸ்ட்? மாற்றலாமா, கூடாதா? உறுப்புகள் இன்ட்டா இன்டிஜரா? ஒரே பெயரில் பல ஓவர்லோடு உள்ள மெத்தடுக்குள் அதைக் கொடுத்தால் கம்பைலர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இலக்கணத்தில் ஒருமுறை பதில் சொல்லிவிட்டால் அது அநேகமாக நிரந்தரம். லைப்ரரி மெத்தட் அப்படி அல்ல. பிறகு இன்னும் நல்ல வகை வந்தால், அதற்கும் ஓர் ஆஃப் எழுதிவிட்டுப் போகலாம். லிஸ்ட்.ஆஃப் என்று எழுதும்போது வகை பெயரிலேயே இருக்கிறது, படிப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை. மிச்சமாகும் எழுத்துகள் கொஞ்சம் குறைவுதான், ஆனால் வலியின் பெரும்பகுதி போய்விட்டது. இந்தக் கணக்கு சரி என்றே நான் நினைக்கிறேன்.

மத்த மொழிக்காரங்க அந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித்தானே இருக்காங்க?

சொல்லியிருக்கிறார்கள், ஆளுக்கொரு விதமாக. பைத்தானில் நெளிவு அடைப்பு டிக்‌ஷனரிக்கும் செட்டுக்கும் பொது. அதனால் காலி அடைப்பை டிக்‌ஷனரிக்கே கொடுத்துவிட்டார்கள், காலி செட்டுக்கு செட் என்று பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். ஸ்விஃப்டில் சதுர அடைப்பு இயல்பாக அரே ஆகும், மாறிக்கு செட் என்று வகை குறித்திருந்தால் அதே எழுத்து செட் ஆகும். காலி டிக்‌ஷனரிக்குச் சதுர அடைப்புக்குள் ஒரு முக்காற்புள்ளி.

சி ஷார்ப் 2023 நவம்பரில், 12-ஆம் பதிப்பில், சதுர அடைப்பைக் கொண்டுவந்தது. அங்கே அந்த எழுத்துக்குச் சொந்தமாக வகை கிடையாது. எதிர்ப்பக்கம் எந்த வகை கேட்கிறதோ அதுவாக மாறும். ஆகவே வார் என்று வகை சொல்லாமல் எழுதினால் கம்பைல் ஆகாது. கோட்லின் ஜாவாவைப் போலவே இலக்கணத்தைத் தொடாமல் லிஸ்ட்ஆஃப், மேப்ஆஃப் என்று ஃபங்ஷன்களாகத் தந்தது. ஆனால் ஜோடிகளை டு என்ற சொல்லால் இணைத்து எழுத முடிவதால் அதன் மேப் படிக்க அழகாக இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் கோட்லின் ஜாவாவைவிட நன்றாகச் செய்திருக்கிறது.

லிஸ்ட்.ஆஃப் போட்டுட்டு ஆட் பண்ணா எக்ஸெப்ஷன் வருது. பக்னு நினைக்கிறேன்?

பக் இல்லை. இந்தத் தொகுப்புகள் மாற்ற முடியாதவை. ஆட், ரிமூவ், சார்ட், ஓர் உறுப்பை மாற்றும் செட் என எந்த மெத்தடை அழைத்தாலும் அன்சப்போர்ட்டட்ஆப்பரேஷன்எக்ஸெப்ஷன் வரும். கலெக்‌ஷன்ஸ்.சார்ட் கொண்டு வரிசைப்படுத்தப் போனாலும் அதே கதிதான்.

ஏன் இப்படி என்றால், நிரலுக்குள் மதிப்புகளை நேரடியாக அடுக்கி எழுதும் இடங்களை எண்ணிப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட கோப்பு வகைகள், இயல்பு அமைப்புகள், சோதனைக்கான உள்ளீடுகள். இவற்றில் பெரும்பாலானவை ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கப்படுபவை. மாறிக்கொண்டே இருக்க வேண்டிய தொகுப்பு பெரும்பாலும் காலியாகத்தான் தொடங்கும், அதற்கு இந்த வசதி தேவையே இல்லை. மாறாது என்பது உறுதியானால் பல த்ரெட்கள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பாதைகள்) பூட்டில்லாமல் பகிரலாம், வேறு யாருக்கும் பயமில்லாமல் திருப்பித் தரலாம்.

மாத்தக்கூடிய லிஸ்ட்தான் வேணும்னா?

நியூ அரேலிஸ்ட் என்ற கன்ஸ்ட்ரக்டருக்குள் லிஸ்ட்.ஆஃப்-ஐக் கொடுங்கள். ஹாஷ்செட், ஹாஷ்மேப்புக்கும் இதே வழி. எழுத்து கொஞ்சம் கூடும், ஆனால் இது மாறப்போகிறது என்பது படிப்பவருக்கு அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

ஆட் பண்ணக் கூடாதுன்னா கம்பைலரே தடுத்திருக்கலாமே? ரன் ஆகும்போது ஏன் வெடிக்கணும்?

நியாயமான கேள்வி. லிஸ்ட்.ஆஃப் திருப்பித் தரும் வகை லிஸ்ட், அந்த இன்டர்ஃபேஸில் ஆட் இருக்கிறது. அதனால் கம்பைலருக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றும் மெத்தட்கள் இருக்கும், ஆனால் வேண்டாதவர்கள் எக்ஸெப்ஷன் எறிந்து மறுக்கலாம் என்பது 1998-இல் எடுத்த முடிவு. மாறும் வகை, மாறாத வகை எனத் தனித்தனி இன்டர்ஃபேஸ்கள் வைத்தால் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும் என்று அன்று பயந்தார்கள்.

ஜெப் 269 அந்தப் பழைய முடிவைத் திறக்கவே இல்லை. மாறாமையை வகை அமைப்பில் காட்டுவது எங்கள் நோக்கம் அல்ல என்று ஆவணத்திலேயே எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஒரு மெத்தட் லிஸ்டைத் திருப்பித் தந்தால் அதை மாற்றலாமா என்பதை அதன் ஆவணத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் இருபது ஆண்டு நிரல்கள் எல்லாம் லிஸ்ட் என்ற வகையையே எதிர்பார்க்கும்போது, புதிதாக ஒரு வகையை நுழைப்பது பெரிய தொல்லையாகியிருக்கும் என்பதும் உண்மை.

கலெக்‌ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட் ஏற்கனவே இருக்கே. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. அது ஒரு கண்ணாடி ஜன்னல் மாதிரி: நீங்கள் உள்ளே கை விட முடியாது, ஆனால் உள்ளே இருப்பவர் பொருளை நகர்த்தினால் உங்களுக்கும் நகர்ந்துதான் தெரியும். மூல அரேலிஸ்ட் யாரிடமாவது இருந்தால், அவர் ஆட் செய்வது உங்கள் மாறாத லிஸ்டிலும் தெரியும்.

லிஸ்ட்.ஆஃப் தருவதற்குப் பின்னால் வேறு மூலம் கிடையாது, மதிப்புகளை அதுவே வைத்திருக்கிறது. ஏற்கனவே இருக்கும் தொகுப்பிலிருந்து இப்படி ஒன்று வேண்டுமானால், ஜாவா 10-இல் வந்த லிஸ்ட்.காப்பிஆஃப், செட்.காப்பிஆஃப், மேப்.காப்பிஆஃப் இருக்கின்றன. கொடுக்கப்பட்டது ஏற்கனவே இந்த வகையிலான மாறாத தொகுப்பாக இருந்தால், பொதுவாக வீணாக நகல் எடுக்காமல் அதையே திருப்பித் தந்துவிடும். ஆகவே கன்ஸ்ட்ரக்டரில் வரும் லிஸ்டைப் பத்திரப்படுத்தத் தயக்கமில்லாமல் காப்பிஆஃப் போடலாம்.

மாறாதுன்னு சொன்னீங்க. ஆனா உள்ள இருக்கற ஆப்ஜெக்ட்டோட பேரை மாத்தினா மாறுதே?

மாறும். தொகுப்பு உறுதி சொல்வது தன்னைப் பற்றி மட்டும்தான்: உறுப்பு கூடாது, குறையாது, இடம் மாறாது. உறுப்பே உள்ளுக்குள் மாறக்கூடியதாக இருந்தால் அதைத் தடுக்க அதற்கு வழியில்லை. சரம், இன்டிஜர், எளிய புலங்கள் கொண்ட ரெக்கார்டு போன்றவற்றை வைத்தால் கவலையில்லை. செட்டின் உறுப்பாகவோ மேப்பின் கீயாகவோ மாறக்கூடிய ஆப்ஜெக்டை வைப்பது இதற்கும் ஆகாது, ஹாஷ்மேப்புக்கும் ஆகாது. உறுப்பு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஹாஷ் எண் மாறியதும் தேடினால் கிடைக்காமல் போய்விடும்.

ஆவணத்துல பார்த்தா லிஸ்ட்.ஆஃப்னு பன்னிரண்டு மெத்தட் இருக்கு. ஒரே ஒரு வேர்ஆர்க்ஸ் மெத்தட் போதாதா?

வேலை நடக்க அது போதும், சிக்கனத்துக்குப் போதாது. பூஜ்யம் முதல் 10 உறுப்பு வரை தனித்தனியாகப் பதினொன்று, அதற்கு மேல் எத்தனை வேண்டுமானாலும் ஏற்கும் வேர்ஆர்க்ஸ் ஒன்று, ஆகப் பன்னிரண்டு. செட்டுக்கும் இப்படியே.

வேர்ஆர்க்ஸ் அழைப்பு என்றால் கம்பைலர் ஓர் அரேயை உருவாக்கி அனுப்புகிறது. அதே இடத்தில் அழைப்பவர் தன் கையில் இருக்கும் அரேயையும் கொடுக்கலாம். மெத்தடுக்கு எது என்று தெரியாது. அழைப்பவர் பிற்பாடு அரேயை மாற்றினால் மாறாத லிஸ்ட் மாறிவிடும், அதனால் கட்டாயம் இன்னொரு நகல் எடுத்தாக வேண்டும். எண்ணிக்கை நிலையாக உள்ள மெத்தட்களில் அந்த ஐயம் இல்லை, ஆக நகலும் இல்லை. சின்னத் தொகுப்புகள்தானே இங்கே பெரும்பாலும் வரும்? அவற்றுக்கு ஒரு வீண் அரே மிச்சம். இது புதிய யோசனையும் அல்ல. 2004-இலேயே வந்த ஈனம்செட்.ஆஃப், ஐந்து உறுப்பு வரை தனித்தனி மெத்தட்களும் அதற்குப் பிறகு வேர்ஆர்க்ஸுமாக இதே பாணியில்தான் இருக்கிறது. ஆஃப் என்ற குட்டிப் பெயரும் அங்கே முன்பே இருந்ததுதான்.

மேப்.ஆஃப்ல பதினோராவது ஜோடி சேர்த்தா கம்பைல் ஆகமாட்டேங்குது!

மேப்.ஆஃப் 10 ஜோடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் மேப்.ஆஃப்என்ட்ரீஸ் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு ஜோடியையும் மேப்.என்ட்ரி(கீ, வேல்யூ) என்று எழுதி உள்ளே அடுக்க வேண்டும்.

லிஸ்டுக்கு உள்ளது போல் மேப்புக்கு வேர்ஆர்க்ஸ் ஏன் இல்லை என்றால், அதில் எல்லா உறுப்புகளும் ஒரே வகையாக இருக்க வேண்டும். கீ சரம், வேல்யூ எண் என்று மாறி மாறி வருவதை ஜாவாவின் வகைகளால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஆப்ஜெக்ட் என்று ஏற்றுக்கொண்டால், கீயும் வேல்யூவும் இடம் மாறினாலும் ஒரு வேல்யூ விடுபட்டாலும் கம்பைலர் பேசாமல் இருந்துவிடும். இப்போது மேப்.ஆஃப்-இல் ஒற்றைப்படை எண்ணிக்கையில் கொடுத்தால் கம்பைலே ஆகாது. நான்கைந்து ஜோடிகளைத் தாண்டினாலே ஆஃப்என்ட்ரீஸ் எழுதுவதுதான் படிக்க நல்லது. எது கீ, எது வேல்யூ என்று கண் தேட வேண்டியதில்லை.

நல் போட்டா ஏன் ஏத்துக்க மாட்டேங்குது? ஹாஷ்மேப் ஏத்துக்குதே?

நல் என்பது மதிப்பே இல்லை என்பதற்கான குறி. ஹாஷ்மேப் அதை ஏற்பதை வடிவமைப்பாளர்கள் பலரும் இன்று ஒரு குறையாகவே பார்க்கிறார்கள். கெட் செய்து நல் வந்தால் கீயே இல்லை என்று பொருளா, கீ இருந்து அதன் வேல்யூ நல் ஆக இருக்கிறதா என்று பிரிக்க முடியாது. ஜாவா 5-இல் வந்த கன்கரன்ட்ஹாஷ்மேப் அதனால்தான் நல்லை மறுத்தது, ஆஃப் மெத்தட்களும் அதே வழியில் நடக்கின்றன. நல் கொடுத்தால் உருவாக்கும் வரியிலேயே நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் வரும். தவறு நடந்த இடத்திலேயே தெரிவது, மூன்று மெத்தட் தாண்டி எங்கோ வெடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது, இதை அழுத்திச் சொல்கிறேன். உள்ளே நல் இருக்கிறதா என்று கன்டெய்ன்ஸ் கொண்டு கேட்டாலும் இவை எக்ஸெப்ஷன் எறியும். இல்லை என்பதற்கான ஃபால்ஸ் வராது. ஓர் அரேலிஸ்டில் சில நல்கள் இருக்கின்றன, அதன் ரிமூவ்ஆல் மெத்தடுக்கு லிஸ்ட்.ஆஃப்("அ", "ஆ") கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அது ஒவ்வொரு உறுப்பையும் உங்கள் சின்ன லிஸ்டிடம் கேட்கும், நல் முறை வந்ததும் வெடிக்கும். உங்கள் லிஸ்டில் நல்லே இல்லையே என்று மணிக்கணக்கில் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அரேஸ்.ஆஸ்லிஸ்டை எடுத்துவிட்டு லிஸ்ட்.ஆஃப் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

செட்.ஆஃப்ல ஒரே மதிப்பு ரெண்டு தடவை வந்தா என்ன? செட்டுதானே, ஒண்ணை விட்டுட வேண்டியதுதானே?

விடாது, இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்ஸெப்ஷன் எறியும். மேப்.ஆஃப்-இல் ஒரே கீ இரண்டு முறை வந்தாலும் அப்படியே. கையால் எழுதிய பட்டியலில் ஒன்று இரண்டு முறை வந்தால் அது அநேகமாகத் தட்டச்சுத் தவறு. வெட்டி ஒட்டியபோது கீயை மாற்ற மறந்திருப்பீர்கள். அமைதியாக ஒன்றை விழுங்கினால் எந்த வேல்யூ தங்கியது என்று பின்னால் அலைய வேண்டும்.

நேரடி மதிப்புகளுக்கு இது சரியான முடிவு. மாறிகளோடு அழைக்கும்போதுதான் கவனம் வேண்டும். செட்.ஆஃப்(அனுப்பியவர், பெறுபவர்) என்று எழுதி, ஒருவர் தனக்குத் தானே அனுப்பிக்கொண்ட நாளில் நிரல் நின்றுவிடும். கூவாவின் இம்யூட்டபிள்செட் இதை ஏற்கும் என்பதால், அங்கிருந்து மாறுபவர்கள் இங்கே மாட்டுவார்கள். மதிப்புகள் ஒன்றாக இருக்க வாய்ப்பிருந்தால் செட்.காப்பிஆஃப்-க்குள் லிஸ்ட்.ஆஃப்-ஐக் கொடுங்கள். காப்பிஆஃப் இரட்டைகளைப் பொறுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு தடவை ரன் பண்ணும்போதும் செட்டோட வரிசை மாறுது. என் மெஷின்ல மட்டும்தானா?

எல்லா இடத்திலும்தான், அது வேண்டுமென்றே செய்தது. லிஸ்ட்.ஆஃப் நீங்கள் கொடுத்த வரிசையைக் காக்கும். செட்.ஆஃப், மேப்.ஆஃப் எந்த வரிசைக்கும் உறுதி சொல்லவில்லை. அதோடு நில்லாமல், ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம் தொடங்கும்போது ஒரு தற்செயல் எண்ணை எடுத்து, அதை வைத்து இடங்களைக் கலைக்கிறார்கள். ஒரே ஓட்டத்துக்குள் வரிசை நிலையாக இருக்கும். அடுத்த ஓட்டத்தில் வேறாக இருக்கலாம்.

இதன் பின்னணி அனுபவத்தில் கிடைத்த பாடம். ஹாஷ்மேப்பின் ஆவணமும் ஆரம்பத்திலிருந்தே வரிசைக்கு உறுதி இல்லை என்றுதான் சொன்னது. ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு முறையும் அதே வரிசை வந்ததால், தெரிந்தோ தெரியாமலோ நிரல்கள் அதை நம்பின. சோதனைகள் அச்சான சரத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டன. ஜாவா 8-இல் ஹாஷ்மேப்பின் உட்கட்டமைப்பு மாறியதும் அப்படிப்பட்டவை உடைந்தன. எழுதப்படாத பழக்கத்தை எழுதப்பட்ட ஒப்பந்தமாகப் பயனர்கள் எடுத்துக்கொண்டால், பிறகு உள்ளமைப்பை மேம்படுத்தவே முடியாமல் போகும். ஆகவே முதல் நாளிலிருந்தே கலைத்துவிட்டார்கள். கோ மொழியும் தன் மேப்பைச் சுற்றிவரும் வரிசையை இப்படித்தான் கலைக்கிறது.

சில நேரம் மட்டும் தோற்கும் சோதனை ஒன்று உங்களிடம் இருந்து, அதற்குள் செட்.ஆஃப் இருந்தால், சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் செட்டை லிஸ்டாக்கியோ சரமாக்கியோ ஒப்பிட்டிருப்பீர்கள். செட்டைச் செட்டோடு ஒப்பிட்டால் தீர்ந்தது.

எனக்கு நான் எழுதின வரிசையே வேணும். என்ன பண்றது?

லிங்க்ட்ஹாஷ்மேப் அல்லது லிங்க்ட்ஹாஷ்செட் உருவாக்கி நிரப்பி, கலெக்‌ஷன்ஸின் அன்மாடிஃபையபிள் மெத்தட் கொண்டு மூடுங்கள். செட் என்றால் கன்ஸ்ட்ரக்டருக்குள் லிஸ்ட்.ஆஃப் கொடுத்து ஒரே வரியில் முடிக்கலாம். கடைசியில் காப்பிஆஃப் மட்டும் போட்டுவிடாதீர்கள், வரிசை போய்விடும். கோட்லினின் மேப்ஆஃப் எழுதிய வரிசையைக் காக்கிறது. ஜாவாவில் மாறாத, வரிசை காக்கும் மேப்பை ஒரே வரியில் உருவாக்க ஒரு வழி இல்லாதது உண்மையான குறை.

மெமரி மிச்சம்னு சொல்றாங்களே, அது எவ்வளவு உண்மை?

சின்னத் தொகுப்புகளில் கணிசமான உண்மை. இரண்டு சரங்கள் கொண்ட பழைய பாணி மாறாத செட்டை எண்ணுங்கள்: மேலே மூடிய உறை ஒன்று, ஹாஷ்செட் ஒன்று, அதற்குள் ஹாஷ்மேப் ஒன்று, அதன் அட்டவணை அரே ஒன்று, உறுப்புக்கு ஒன்றாக இரண்டு நோடுகள். ஆறு ஆப்ஜெக்ட்கள். வழக்கமான 64 பிட் ஜேவிஎம்மில், சுருக்கிய சுட்டிகளோடு, சரங்களைச் சேர்க்காமலேயே 150 பைட்டுக்கு மேல் போகும்.

செட்.ஆஃப் இரண்டு உறுப்புக்குத் தருவது ஒரே ஆப்ஜெக்ட், அதற்குள் இரண்டு புலங்கள். தலைப்பு 12 பைட், சுட்டிகள் 8, மொத்தம் 20, சீரமைத்தால் 24. உறுப்புகள் கூடினால் வேறு வகுப்பு வரும். அதிலும் நோடுகள் கிடையாது, ஒரே அரேயில் நேராக வைத்து, இடம் மோதினால் அடுத்த காலி இடத்தைத் தேடும். மேப்பில் கீயும் வேல்யூவும் அதே அரேயில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும், அதனால் தேடும்போது நினைவகத்தில் அங்கும் இங்கும் தாவ வேண்டியதில்லை. மாறவே மாறாது என்று முதலிலேயே தெரிந்ததால்தான் இவ்வளவு இறுக்கமாக அடுக்க முடிந்தது. இந்த வகுப்புகள் வெளியே தெரியாததால், அடுத்த பதிப்பில் அவர்கள் இதையும் மாற்றலாம்.

அப்போ ஆயிரம் உறுப்பு இருந்தாலும் இதையே போடலாமா?

வேலை செய்யும், ஆனால் இவை சின்னத் தொகுப்புகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆயிரம் மதிப்புகளை நிரலுக்குள் அடுக்குவதே நல்ல இடம் அல்ல. ஒரு மெத்தடின் பைட்கோட் 64 கேபியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. கோப்பில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள், பிறகு காப்பிஆஃப்.

இன்ட் அரேயை லிஸ்ட்.ஆஃப்க்குள்ள போட்டா சைஸ் 1னு வருது?

உறுப்பின் வகையை வெளியிலிருந்து குறிக்க விடும் ஜெனரிக்ஸில் இன்ட் போன்ற அடிப்படை வகைகளுக்கு இடமில்லை. அதனால் முழு இன்ட் அரேயும் ஒரே உறுப்பாகப் போய்விடுகிறது. அரேஸ்.ஆஸ்லிஸ்டிலும் இதே நடக்கும். அரேஸ்.ஸ்ட்ரீம், பிறகு பாக்ஸ்ட், பிறகு டூலிஸ்ட் என்று எழுதுங்கள்.

சர அரே கொடுத்தால் எதிர்பார்த்தபடி உறுப்புகள் பிரிந்து வரும், நகலும் எடுக்கப்படும். அரேஸ்.ஆஸ்லிஸ்ட் நகல் எடுக்காது. அந்த லிஸ்டில் ஓர் உறுப்பை மாற்றினால் உங்கள் அரேயும் மாறும், அரேயை மாற்றினால் லிஸ்டும் மாறும்.

ஸ்ட்ரீம்.டூலிஸ்ட்டும் மாத்த முடியாத லிஸ்ட்தானே தருது? அப்போ ரெண்டும் ஒண்ணா?

மாற்ற முடியாது என்பதில் ஒன்று, நல் விஷயத்தில் வேறு. ஜாவா 16-இல் வந்த டூலிஸ்ட் நல்லை ஏற்கும். ஜாவா 10-இன் கலெக்டர்ஸ்.டூஅன்மாடிஃபையபிள்லிஸ்ட் ஏற்காது. ஸ்ட்ரீமில் ஓடிவரும் தரவு நீங்கள் கையால் எழுதியது அல்ல, அதில் நல் இருப்பது சகஜம் என்பதால் டூலிஸ்ட் தளர்வாக இருப்பது நியாயமே. மேலே நல் பற்றிச் சொன்ன பொறி இங்கே இல்லை, ஆனால் டூலிஸ்ட் தந்ததை லிஸ்ட்.காப்பிஆஃப்-க்குக் கொடுத்தால் நல் இருக்கும் பட்சத்தில் வெடிக்கும்.

அரேலிஸ்ட்.ஆஃப்னு எழுதினா ஏன் கம்பைல் ஆகல? அரேலிஸ்ட் லிஸ்ட்தானே?

இன்டர்ஃபேஸுக்குள் ஸ்டாட்டிக் மெத்தட் எழுத முடிந்தது 2014-இல், ஜாவா 8-இல்தான். அது வந்ததால்தான் ஆஃப்-ஐ லிஸ்டின் மேலேயே வைக்க முடிந்தது. ஆனால் அந்த மெத்தட்கள், இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் வகுப்புகளுக்கு இறங்கி வராதபடி அன்றே விதி வைத்தார்கள். அதுவும் நன்மைக்கே. இறங்கி வந்திருந்தால் அரேலிஸ்ட்.ஆஃப் என்று எழுதியவருக்கு அரேலிஸ்ட் கிடைக்காது, மாற்ற முடியாத வேறொரு லிஸ்ட்தான் கிடைக்கும். பெயர் ஒன்று, பொருள் வேறு என்று ஆகியிருக்கும்.

லிஸ்ட்.ஆஃப்()னு ரெண்டு தடவை கூப்பிட்டா ஒரே ஆப்ஜெக்ட்டா வருமா? இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடலாமா?

ஒப்பிடாதீர்கள், ஈக்வல்ஸ் பயன்படுத்துங்கள். புதிய ஆப்ஜெக்ட் தருவதும் இருப்பதையே தருவதும் அவர்கள் விருப்பம் என்று ஆவணம் சொல்கிறது. காப்பிஆஃப் சில நேரம் நகல் எடுக்காமல் இருப்பது இந்தச் சுதந்திரத்தால்தான். இந்த ஆப்ஜெக்ட்களின் மேல் சிங்க்ரனைஸ்ட் போடுவதும் கூடாது. உங்களுக்குத் தெரியாமல் வேறு யாரோ அதே ஆப்ஜெக்டில் பூட்டுப் போட்டிருக்கலாம்.

எங்க லைப்ரரியில சொந்தமா ஒரு தொகுப்பு வகை இருக்கு. அதுக்கு நானும் ஆஃப் எழுதலாமா? என்னென்ன முடிவு பண்ணணும்?

தாராளமாக எழுதுங்கள். மாறுமா மாறாதா, நல் ஏற்குமா, இரட்டைகளை என்ன செய்யும், வரிசை காக்குமா என்ற நான்குக்கும் முதலில் பதில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் பின்னால் தளர்த்த முடியும், இறுக்க முடியாது. இன்று நல்லை மறுத்துவிட்டு நாளை ஏற்றால் பெரும்பாலும் யார் நிரலும் உடையாது. தலைகீழாகச் செய்தால் உடையும். ஆகவே ஐயம் இருந்தால் மறுக்கும் பக்கமே நில்லுங்கள். இதில் வரிசை மட்டும் விதிவிலக்கு. உறுதி சொல்லாவிட்டாலும் பயனர்கள் அதை நம்பத் தொடங்குவார்கள், எனவே காக்கப் போவதில்லை என்றால் நீங்களும் கலைத்துவிடுங்கள்.

ஓவர்லோடு பத்து வரை எல்லாம் எல்லோருக்கும் தேவையில்லை. அளந்து பார்த்து, அடிக்கடி வரும் எண்ணிக்கை இரண்டோ மூன்றோ என்றால் அதுவரை போதும், மிச்சத்துக்கு வேர்ஆர்க்ஸ். அந்த மெத்தடில் வந்த அரேயை நேராக வைத்துக்கொள்ளாமல் நகல் எடுங்கள், நல் சோதனையை மூலத்தில் செய்யாமல் எடுத்த நகலின் மேல் செய்யுங்கள். சோதனைக்கும் நகலுக்கும் நடுவில் இன்னொரு த்ரெட் அரேயை மாற்றிவிட முடியும். ஜெனரிக் வகை என்றால், அந்த அரேக்குள் எதையும் எழுதாமலும் அதை வெளியே விடாமலும் இருப்பதை உறுதி செய்த பிறகு சேஃப்வேர்ஆர்க்ஸ் குறியீட்டை மேலே போடுங்கள். போடாவிட்டால் உங்கள் பயனர்கள் ஜெனரிக் உறுப்புகளோடு அழைக்கும் இடங்களில் எல்லாம் எச்சரிக்கை வந்துகொண்டிருக்கும்.